சாப்புடப் போலாமுங்களா?

மாப்ள,

லாட்ஜுக்குக் கீழே இருக்கிற ஹோட்டலில் பரோட்டாக் கல்லைக் கழுவுகிறார்கள். சூடான கல்லில் தண்ணீரை விசிறியதும் எண்ணெயும் மாவும் புகையும் கலந்த ஒரு வாசனை எழும்பி, மாடிப்படி ஏறி, என் அறைக்குள் வந்துவிட்டது. பாலக்காட்டில் வெயில் இறங்கும் நேரம். நாளைக்கு எங்கள் கிளப்புக்கு அரையிறுதி ஆட்டம். நான் செய்ய வேண்டிய வேலை ஒன்று காலையிலிருந்து கிடக்கிறது. அதைத் தள்ளிப்போட இன்னொரு சாக்கு கிடைத்தது என்று உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வேலை இதுதான். எங்கள் கேப்டன் செல்வினை நாளைக்கு நான் ஆட வைக்கப்போவதில்லை. அதை அவனிடம் சொல்ல வேண்டும்.

செல்வின் சாந்தன்பாறை ஏலத்தோட்டத்துப் பையன். பையன் என்று வாயில் வருகிறதே தவிர, முப்பது தாண்டி வெகு நாளாகிவிட்டது. நீ ஆடிய அதே இடம்தான் அவனுக்கும். கோலுக்கு முன்னால் கடைசி ஆளாக நிற்கிற ஸ்டாப்பர். தலையால் பந்தை அடிப்பதில் இன்றைக்கும் அவனை மிஞ்ச எங்களிடம் ஆள் கிடையாது. ஆனால் திரும்புவதற்குள் நேரமாகிவிடுகிறது. நாளைக்கு எதிரே வருகிற இரண்டு ஃபார்வர்டுகளும் கால் தரையில் பாவாமல் ஓடுகிறவர்கள். கணக்கு எனக்குத் தெரிகிறது. ஆனால் அவன் பெண்டாட்டியும் மகனும் நாளைக்கு ஆட்டம் பார்க்க விடியக்காலையில் கிளம்பி, மூணாறு, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வரப்போகிறார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

என் அசிஸ்டென்ட் நல்ல பையன், எப்போதும் லேப்டாப்போடு இருப்பான். "கோச், பதினொரு பேரை குரூப்ல போட்டுரட்டுமா? எல்லாரும் ஒரே நேரத்துல பாத்துக்கிடுவாங்க," என்று காலையிலும் கேட்டான், மத்தியானமும் கேட்டான். ஒரு விரலால் அமுக்கினால் முடிகிற வேலை. கொஞ்சம் பொறு என்று சொல்லி அனுப்பிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தால் இந்நேரம் செல்வின் கதவைத் தட்டியிருப்பாய்.

நாம் இரண்டு பேரும் ஒரே அரசுத் துறையின் கால்பந்து அணிக்கு ஆடியவர்கள். வேலையில் சேர்ந்ததே பந்தாடத்தான். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக மைதானத்துக்குப் போய்விடுவோம். நான் மூணாறு எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்த கோல்கீப்பர். நீ கொழிஞ்சாம்பாறையில் தென்னையும் கடலையும் போடுகிற வீட்டுக்காரன். அணியில் தமிழ் பேசுகிறவர்கள் நாம் இரண்டு பேர்தான், அதிலும் உன் தமிழ் வேறு, என் தமிழ் வேறு. "ஏல, ஏறுல, ஏறு! பொறத்தால ஒருத்தன் வாரான் பாரு!" என்று நான் கோலில் நின்று தொண்டை கிழியக் கத்துவேன். நீ பந்திலிருந்து கண்ணை எடுக்காமல், "உடுங்க கீப்பரு, நானு பாத்துக்கறனுங்க," என்பாய். ஆளைச் சாய்த்துப் பந்தைப் பிடுங்கிவிட்டு, கையைக் கொடுத்துத் தூக்கி, "எந்திரிங்க, அடி கிடி பட்டுருச்சுங்களா?" என்று விசாரிக்கிற ஸ்டாப்பரை எதிரணிக்காரர்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சாப்பாடும் ஒன்றாகத்தான். எந்த ஊருக்கு ஆடப் போனாலும் உன் மீன் என் தட்டுக்கு வந்துவிடும், என் அப்பளம் உன் தட்டுக்குப் போய்விடும். கோல்கீப்பருக்குப் பயம்தான் பாதி வேலை. பந்து அவனிடம் இருப்பது கொஞ்ச நேரம். மீதி நேரமெல்லாம் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பயத்தை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சாப்பிடும்போது சொல்வேன். நீ, "எனக்குமுங்க," என்பாய். அந்த ஒரு வார்த்தையில் எனக்குச் சோறு இறங்கிவிடும்.

உன் முழங்கால் போனதும் துறையில் உன்னை அணிக்கு மேனேஜராக்கினார்கள். பயிற்சி கொடுப்பது, ஆளைப் பொறுக்குவது எல்லாம் நீதான். அன்றைக்கே என் அறைக்கு வந்தாய்.

"கீப்பரு, இனிமேலு நாம ஒட்டுக்கா உக்காந்து உண்ண முடியாதுங்க."

"ஏம்ல? எனக்கென்ன சொறி சிரங்கா?"

"அதில்லீங்க. பதினோரு பேரை நானு பொறுக்கோணும். ஒருத்தருக்கு மீனைக் குடுத்துப்போட்டு இன்னொருத்தரை உக்கார வெச்சா, பாக்கறவங்களுக்கு நல்லாருக்குமுங்களா?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. மறுநாள் மெஸ்ஸில் நீ தனியாகப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தபோதுதான் நிஜமாகவே சொல்லியிருக்கிறாய் என்று தெரிந்தது.

அதற்கப்புறம்தான் அந்தப் பழக்கத்தை ஆரம்பித்தாய். யாரை ஆட்டத்தில் சேர்க்கப்போவதில்லையோ, முந்தின நாள் சாயங்காலம் அவன் அறைக்குப் போவாய். "சாப்புடப் போலாமுங்களா?" என்று, மலையாளிப் பையனானாலும் உன் தமிழிலேயே கேட்டு, வெளியே கூட்டிப்போவாய். பரோட்டா, முட்டை ரோஸ்ட், ஆசைப்பட்டால் கோழி வறுவல். சாப்பிடும்போது பந்து என்ற வார்த்தையே வராது. அவன் ஊரில் மழை உண்டா, தங்கச்சிக்கு இடம் பார்த்தாயிற்றா, இப்படித்தான் பேச்சு. கடைசியில் டீ வரும். டீ வந்ததும், "தம்பி, நாளைக்கு உக்கோருங்க," என்பாய். ஏன் என்று கேட்டால் சுற்றி வளைக்காமல் சொல்வாய். திட்டினால் கேட்டுக்கொள்வாய். அழுதால் பக்கத்து மேசைக்காரனை முறைத்து வேறு பக்கம் பார்க்க வைப்பாய். டீ ஆடை கட்டிப்போனாலும் நீ முதலில் எழுந்ததில்லை.

கொஞ்ச நாளிலேயே அணி முழுவதற்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. வராந்தாவில் உன் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், படபடவென்று கதவுகள் சாத்திக்கொள்ளும். வயிறு சரியில்லை சார் என்று ஒருத்தன் இழுத்துப் போர்த்திப் படுத்தான். நீ கஞ்சி வாங்கி வந்து அவன் கட்டிலுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாய். இடது விங்கில் ஆடிய திருச்சூர்க்காரன் இன்னும் கெட்டிக்காரன். டீ வந்தால்தானே நீ சொல்வாய்? டீ வர விடாமல் அவன் பரோட்டாவுக்கு மேல் பரோட்டாவாகச் சொல்லிக்கொண்டே இருந்தானாம். மாவு தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் கையை விரித்த பிறகுதான் டீ வந்ததாம். அதை அவனே சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

மற்ற நாட்களில் உன் எதிரே யாரும் உட்காரவில்லை. மேனேஜரோடு சாப்பிட்டால் என்ன நடக்கும் என்றுதான் எல்லாருக்கும் தெரியுமே. நீ குனிந்தபடி, அப்பளத்தைச் சோற்றில் நொறுக்கிப் போட்டு, சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போவாய். நான் பையன்களோடு இருப்பேன். என் தட்டில் அப்பளம் நமத்துக் கிடக்கும். எனக்குக் கோபம்தான். பதவி வந்ததும் ஆள் மாறிவிட்டான் என்று "சார்" என்பதை ஓர் இழுப்பு இழுத்துக் கூப்பிடுவேன். நீயும் அதே இழுப்போடு "சொல்லுங்க கீப்பரு" என்பாய்.

அப்புறம் அந்த இறுதி ஆட்டம் வந்தது. எனக்கு அதுதான் கடைசி சீசன். தோள்பட்டை இரண்டும் போயாகிவிட்டது. ரிசர்வ் கீப்பரோ அந்த வாரம் பயிற்சியில் பூனை மாதிரித் தாவிக்கொண்டிருந்தான். ஒரு கோப்பையோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. முந்தின நாள் சாயங்காலம் கதவைத் தட்டினாய்.

"கீப்பரு, சாப்புடப் போலாமுங்களா?"

சட்டையை மாட்டிக்கொண்டு வந்தேன். வராந்தாவில் அன்றைக்கு எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. திருச்சூர்க்காரன் என் கையைப் பிடித்து அழுத்தினான், சாவு வீட்டில் பிடிக்கிற மாதிரி.

ஹோட்டலில் நானும் அவன் செய்ததையே செய்தேன். இத்தனை வயசுக்கு மேல், எல்லாம் தெரிந்தவன், டீ வரக் கூடாதே என்று பரோட்டா தின்றேன். "இன்னொண்ணு வைங்க." "இன்னொரு ரோஸ்ட்." நீ உன் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடப்பதையும், மாடு கிடாரிக் கன்று போட்டதையும் சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. பெல்ட்டைத் தளர்த்திவிட்டுக்கொண்டேன். கடைசியில் என்னால் முடியவில்லை.

"டீயச் சொல்லுல. சொல்லித் தொலை."

டீ வந்தது. நீ அதைத் தூக்கி ஆற்றினாய். ஆற்றி முடித்ததும் மறுபடியும் ஆற்றினாய்.

"கீப்பரு, நாளையோட நானு உக்கோர்றனுங்க."

"யாரு?"

"நாந்தானுங்க. வேற ஆளு வர்றாருங்க. கெலிச்சாலும் செரி, தோத்தாலும் செரி. மத்தியானம் ஆபீஸ்ல கூப்புட்டுச் சொன்னாங்க. நிக்க வெச்சே சொல்லிப்போட்டாங்க. டீ குடிக்கறீங்களான்னு கூடக் கேக்கலீங்க."

"அப்ப நான்?"

"நீங்க ஆடறீங்க. அதுல என்னங்க சந்தேகம்?" என்றாய். அப்புறம் என் தட்டைப் பார்த்தாய். "அது செரி, ஏனுங்க இத்தனை தின்னீங்க? நாளைக்கு யாருங்க தாவறது?"

சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. எனக்காக நிம்மதி, உனக்காக வயிற்றெரிச்சல், இரண்டும் ஒன்றாக வந்தால் மனிதன் என்ன செய்வான்? நீ பக்கத்து மேசைக்காரனை முறைத்தாய்.

தெளிந்த பிறகு கேட்டேன், இந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று. அதுவரை எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை. துறையில் சேருவதற்கு முன்னால் நாம் முதன்முதலாகச் சந்தித்த பயிற்சி முகாமைப் பற்றிச் சொன்னாய். காலையில் மைதானத்தில் நிற்க வைத்துத் தேர்வானவர்களின் பெயர்களை வாசித்தார்கள். என் பெயர் இருந்தது, உன் பெயர் இல்லை.

"மத்தியானம் மெஸ்ஸுல நானு உக்காந்த மேசைக்கு ஒருத்தரும் வரலீங்க. முந்தின நாளு வரைக்கும் தோள்ல கை போட்டவங்கதான். தட்டை எடுத்துட்டு வருவாங்க, என்னையப் பாப்பாங்க, அக்கட்டால போயிருவாங்க. ஒட்டிக்குமுன்னு பயமாட்ட இருக்குது. எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிரலாம், பந்தே வேண்டாமுன்னு இருந்தனுங்க. அப்பத்தான் நீங்க வந்து எதுக்க உக்காந்தீங்க. ஒரு வார்த்தை பேசலீங்க. என்ற மீனை எடுத்துட்டு அப்பளத்தை வெச்சீங்க. அன்னைக்கு நீங்க வரலீன்னா நானு கடலைக்காட்டுலதான் இருந்திருப்பேன்."

எனக்கும் அந்த மத்தியானம் நன்றாக நினைவிருந்தது. ஆனால் எனக்குத் தெரிந்தது வேறு. சொல்லாமல் விட்டிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தபடி சும்மா இருக்க முடியவில்லை.

"மாப்ள, அந்த மேசைக்கு மேலதாம்ல ஃபேன் ஓடிச்சி. மூணாத்துக்காரனுக்கு உங்க வெக்கை தாங்குமா? உம் பேரு இல்லங்கதே எனக்குத் தெரியாது. எம் பேரு வந்ததும் மத்த எதையும் நான் காதுல வாங்கல."

வருத்தப்படுவாய் என்று நினைத்தேன். நீ என்னைப் பார்த்தாய், மேலே அந்த ஹோட்டல் ஃபேனைப் பார்த்தாய், அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஒரு பேனுக்காகவாங்க நானு இத்தனை பேருக்குப் பரோட்டா வாங்கிக் குடுத்தேன்?" என்றாய். சிரிப்பு அடங்கிய பிறகு, "காத்துக்கு வந்தாலும் வந்தீங்கள்ல. அது போதுமுங்க," என்றாய்.

மறுநாள் பெனால்டியில் தோற்றோம். கோப்பை வேறு பக்கம் போயிற்று. நீ எதிரணிக் கோச்சுக்குக் கை கொடுத்தாய். பையன்கள் தரையில் எறிந்திருந்த பனியன்களைப் பொறுக்கி, உதறி, மடித்துப் பையில் வைத்தாய். திங்கள்கிழமை காலை ஆபீஸில் உனக்குக் கொடுத்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாய். அன்றைக்கு மத்தியானம் உன் மீன் என் தட்டுக்கு வந்தது.

போன கோடையில் நீ போனாய். மோட்டாரைப் போட்டுவிட்டுக் கிணற்று மேட்டில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்றார்கள். நான் பொள்ளாச்சி வந்து, அங்கிருந்து கொழிஞ்சாம்பாறை பஸ் பிடித்து வந்தேன். கூட்டம் கலைந்த பிறகு உன் மகளிடம் இந்தப் பரோட்டாக் கதையைச் சொன்னேன். அழுதுகொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். "ஊட்லயும் அப்படித்தானுங்க மாமா. பரீட்சைல நான் பெயிலானப்பக்கூடத் திட்டலீங்க. பொள்ளாச்சிக்குக் கூட்டிட்டுப் போயிச் சாப்பாடு வாங்கிக் குடுத்தாருங்க. அதுக்கப்பறம் அப்பா சாப்புடப் போலாமுன்னாலே நான் ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்குவனுங்க," என்றாள். நானும் சிரித்தேன். அன்றைக்குத்தான் நீ இல்லை என்பது எனக்கு உறைத்தது.

அசிஸ்டென்ட் மறுபடியும் வந்து வாசலில் நிற்கிறான், போனைக் கையில் வைத்துக்கொண்டு. வேண்டாம், நான் போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மீதியைக் காலையில் எழுதுகிறேன்.

மாப்ள, விடிந்துவிட்டது. ஆட்டம் சாயங்காலம்தான்.

நேற்று செல்வின் அறைக்குப் போனேன். "சாப்பிடப் போவோமா" என்று கேட்கத்தான் நினைத்தேன். வாயில் வந்தது உன் தமிழ். "சாப்புடப் போலாமுங்களா?"

"என்ன கோச், இன்னைக்கி ரொம்ப மரியாதையா கூப்புடுதீய?" என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினான். உன் ஆட்களுக்காவது முன்னமே தெரியும். இவனுக்கு ஒன்றும் தெரியாது. கேப்டனும் கோச்சும் ஆட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாக வந்தான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நன்றாகச் சாப்பிட்டான். ஏலக்காய்க்கு இந்த வருஷம் மழை தப்பிவிட்டது என்றான். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் பண்ண வேண்டும் என்றான். அப்புறம், "கோச், நாளைக்கி டீம் எறங்கும்போது மவனைக் கையப் புடிச்சிக் கூட்டிட்டு வரலாமா? ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கான்," என்றான். நான் தண்ணீர் குடித்தேன். இன்னொரு பரோட்டா சொல்லலாமா என்றுகூட நினைத்தேன், மாப்ள. மேசைக்கு இந்தப் பக்கமும் அந்த நினைப்பு வரும் என்று நீ சொன்னதே இல்லை.

டீ வந்தது.

"செல்வின், நாளைக்கி நீ உக்காரு."

முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டான். காரணத்தைச் சொன்னேன். திரும்புவதற்கு நேரமாகிறது என்று அப்படியே சொன்னேன். "குரூப்ல போட்டிருக்கலாம்ல கோச்? ரூமுல தனியா இருந்து பாத்திருப்பேன். இப்ப உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதாயிருக்கு," என்றான். உனக்கும் யாராவது இப்படிச் சொல்லியிருப்பார்கள். நீ என்ன பதில் சொன்னாய் என்று கேட்டுவைக்காமல் போய்விட்டேனே என்றிருந்தது.

பெண்டாட்டிக்கு என்ன சொல்வது என்றான். மகனுக்கு என்ன சொல்வது என்றான். குரல் உயர்ந்தது. ஹோட்டலில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தனை நான் முறைத்தேன். டீயில் ஆடை படிந்தது. எழுந்து போய்விடலாம் என்று எத்தனையோ தடவை காலைத் தரையில் ஊன்றினேன். நீ ஜெயித்த கோப்பைகள் எதுவும் என்னிடம் இல்லை, உன் போட்டோ ஒன்றுகூட ஒழுங்காக இல்லை. முதலில் எழுந்திருக்கக் கூடாது என்ற இந்த ஒன்றைத்தான் உன்னிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செல்வின் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தான். துடைத்தது வேர்வையா வேறென்னவா என்று நான் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி ஹோட்டலைச் சுற்றிப் பார்த்தான்.

"இங்க ரொம்ப வேக்குது கோச். அந்த மேசைக்குப் போவமா? அங்க ஃபேன் இருக்கு."

எழுந்து போய் அங்கே எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். அவனே கையைத் தூக்கி இரண்டு டீ சொன்னான்.